சீஷத்துவம் என்றால் என்ன? குன்னூர்ப் படிக்கட்டுத் தெருவிலிருந்து ஓர் எளிய விளக்கம்

ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்.

முதலில் கேட்டது எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் கல்லூரிப் பெண். "அண்ணா, பன்னெண்டு வார சீஷத்துவ வகுப்பு முடிச்சிட்டேன். சர்டிபிகேட்டும் குடுத்துட்டாங்க. இப்ப நான் சீஷியா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபின் யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாமவர் குன்னூர் மார்க்கெட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன். விபூதி பூசாமல் கடை திறக்காதவர். இருபது வருஷப் பழக்கம். "உங்க சர்ச்சுல சீடராக்கணும், சீடராக்கணும்னு மைக்குல பேசுறாங்களே, ஆள் சேக்குறதைத்தானே அப்படிச் சொல்றீங்க?" என்றார். கோபம் ஒன்றுமில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஒருவர் அதைப் படிப்பு என்று நினைக்கிறார், இன்னொருவர் ஆள்பிடிப்பு என்று நினைக்கிறார். இருவரையும் குறை சொல்ல மாட்டேன். நாங்கள்தான் அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்தி வைத்திருக்கிறோம். பிரசங்கத்தில் ஒரு பொருள், நோட்டீஸில் ஒரு பொருள், வாட்ஸ்அப் குழுவில் இன்னொன்று. ஆகவே சபைக்குப் புதியவர்களுக்கும், சபைக்கே வராதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒருமுறை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் இறையியல் படித்தவன் இல்லை. ஓட்டுப்பட்டறைப் பக்கம் ஒரு படிக்கட்டுத் தெருவில் குடியிருக்கிற சாதாரண சபையார்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

நாங்கள் வாசிக்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் 'சீஷன்' என்று இருக்கும். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'சீடர்'. இரண்டும் ஒன்றுதான். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அங்கே இருக்கும் சொல் 'மத்தேத்தேஸ்'. கற்றுக்கொள்கிறவன் என்று பொருள். நம் ஊர்ப் பேச்சில் 'தொழில் பழகுற பையன்' என்றால் இன்னும் நெருங்கிவரும்.

புதிய ஏற்பாட்டில் 'கிறிஸ்தவன்' என்ற சொல் மொத்தம் மூன்றே இடத்தில் வருகிறது. 'சீஷன்' 250 இடங்களுக்கும் மேல் வருகிறது. அந்தியோகியா பட்டணத்தில்தான் முதல்முதலாகச் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் வழங்கியது என்று அப்போஸ்தலர் 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதாவது கற்றுக்கொள்ளுதல் முந்தியது, பட்டப்பெயர் பிந்தியது. நம்மில் பலர் பெயரோடு பிறந்துவிடுகிறோம், பழகுவதைத்தான் விட்டுவிடுகிறோம். என் ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருக்கிறது. அதற்காக நான் எதையும் கற்றுக்கொண்டதாக ஆகாது.

இந்தக் கட்டுரைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: இயேசு வாழ்ந்த விதத்தில் வாழ, அதை ஏற்கெனவே பழகிக்கொண்டிருக்கிற ஆட்களோடு சேர்ந்து பழகுவதுதான் சீஷத்துவம்.

வர்க்கி அடுப்படி

பத்தாவது முடித்த விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு வர்க்கி அடுப்படியில் எடுபிடியாக இருந்தேன். வர்க்கி என்றால் டீயோடு தின்னும் மொறுமொறுப்பான பண்டம். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பக்கம் எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் முன்னங்கை ரோமம் கருகிய வாசனைதான் ஞாபகம் வந்தது.

வர்க்கிக்கு ஈஸ்ட் கிடையாது. 'மாவா' என்று ஒன்றைப் புளிக்கவைத்து அதைத்தான் மாவில் சேர்ப்பார்கள். விறகு அடுப்பு. அடுப்புக்கு மீட்டர், முள் எதுவும் இல்லை. மாஸ்டர் அடுப்பு வாயருகே உள்ளங்கையை நீட்டுவார், மனதுக்குள் ஏதோ எண்ணுவார், "இன்னொரு கட்டை இழு" என்பார். எத்தனை எண்ண வேண்டும் என்று கேட்டேன். "கையை நீட்டு, தெரியும்" என்றார். அவ்வளவுதான் பாடம்.

முதல் இரண்டு வாரம் தகரத் தட்டு சுரண்டுவது. பிறகு விறகு அடுக்குவது. ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது, நானே எடுக்கிறேன் என்று நின்று ஒரு தட்டு முழுக்கக் கருக்கிவிட்டேன். வந்து பார்த்தார். திட்டவில்லை. கருகியதில் ஒன்றை எடுத்து டீயில் முக்கித் தின்றுகொண்டே, "எப்ப எடுத்திருக்கணும்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. எப்போது வாசனை மாறியது என்று மூக்குக்குத் தெரியும், கைதான் போகவில்லை. அன்றைக்குக் கற்றது இன்றைக்கும் மறக்கவில்லை.

இந்த அடுப்படியை வைத்துக்கொண்டு மாற்கு சுவிசேஷத்தின் 3-ஆம் அதிகாரத்துக்குப் போனால், 14-ஆம் வசனம் வேறு மாதிரி கேட்கும். பன்னிரண்டு பேரை இயேசு தெரிந்துகொண்டது எதற்கு? "தம்மோடுகூட இருக்கவும்", பிறகு பிரசங்கிக்க அனுப்பவும். கூட இருப்பதுதான் முதலில் சொல்லப்படுகிறது. பாடத்திட்டம் என்று பார்த்தால் அந்த ஒரே வரிதான்.

கூட இருந்து என்ன கற்றார்கள்?

சுவிசேஷங்களில் போதனைக்குக் குறைவில்லை. மலைப்பிரசங்கம் மட்டும் மூன்று அதிகாரம். ஆனால் அந்தப் போதனை எந்த இடைவெளிகளில் நடக்கிறது என்று பாருங்கள். நடந்துபோகும்போது, படகில், யாரோ ஒருவர் வீட்டுப் பந்தியில், பசியோடு கதிர் கொய்து தின்றுகொண்டே போகும்போது. முதலில் அவர் செய்வதைப் பார்க்கிறார்கள். பிறகு, கூட்டம் பசியாக இருக்கும்போது, "நீங்களே அவர்களுக்குப் போஜனங்கொடுங்கள்" என்று அவர்கள் தலையில் கட்டிவிடுகிறார். பந்தி உட்காரவைத்ததும் பரிமாறியதும் மிச்சத் துணிக்கைகளைக் கூடையில் பொறுக்கியதும் அவர்கள் கைகள்தான். அதற்கு முன்பே இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்புகிறார். திரும்பி வந்து நடந்ததையெல்லாம் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு அவர் சொல்வது என்ன தெரியுமா? தனியாக ஒரு இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்கிறார். சாப்பிடக்கூட அவர்களுக்குச் சமயம் இல்லாதிருந்தது என்று மாற்கு எழுதிவைக்கிறார். சபை வேலைக்காக வீட்டையும் உடம்பையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் இந்த வசனத்துக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 9-ஆம் அதிகாரம். ஒரு தகப்பன் நோயுற்ற மகனைக் கூட்டிவருகிறான். சீஷர்களால் குணமாக்க முடியவில்லை, ஊர் பார்க்க அவமானம். இயேசு வந்து சரிசெய்கிறார். பிறகு வீட்டுக்குள் போனதும், தனியாக இருக்கும்போது கேட்கிறார்கள்: எங்களால் ஏன் கூடாமற்போயிற்று? கருகிய தட்டுக்கு முன்னால் நான் நின்றது போலத்தான். வெளியே செய்து பார்த்தல், தோற்றல், வீட்டுக்குள் வந்து ஏன் என்று கேட்டல். சீஷத்துவம் வேலைசெய்கிற விதத்தை ஒரு காட்சியில் காட்டச் சொன்னால் இதைக் காட்டுவேன். வகுப்பறையில் இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை. தேர்வில் தோற்பதும் இதுவும் ஒன்றில்லை.

இதுவரை பார்த்ததைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வோம். சீஷன் என்றால் பழகுகிறவன். பழகுவது கூட இருப்பதால் நடக்கிறது. கூட இருந்து பார்த்து, செய்து, தவறி, தனியாக உட்கார்ந்து பேசித்தான் ஒன்று கைக்கு வருகிறது. வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. சபையில் முழு உறுப்பினராவதற்கு முன் படிக்கும் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் எனக்கு இன்றைக்கும் உதவுகின்றன. ஆனால் அது அடுப்படிக்குப் போகும் வழி, அடுப்படி இல்லை.

உவமை எங்கே உடைகிறது

ஒரு எச்சரிக்கை. குரு-சிஷ்ய மரபும் தொழிற்பட்டறையும் ஓரளவுக்குத்தான் பொருந்தும். எடுபிடி ஒருநாள் மாஸ்டர் ஆகிறான், தனி அடுப்பு போடுகிறான். சிஷ்யன் ஒருநாள் குருவாகிறான். இங்கே அது கிடையாது. மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் இயேசு தெளிவாகச் சொல்கிறார்: கிறிஸ்து ஒருவரே உங்களுக்குப் போதகர், நீங்கள் எல்லாரும் சகோதரர். எண்பது வயது ஆயரும் நேற்று ஞானஸ்நானம் எடுத்தவரும் ஒரே அடுப்பில் எடுபிடிகள். ஒருவர் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தவர், அவ்வளவுதான்.

இதை மறந்தால் விபரீதம். 1970-களில் அமெரிக்காவில் 'மேய்ப்பர் இயக்கம்' என்று ஒன்று பரவியது. ஒவ்வொரு விசுவாசிக்கும் தனியாக ஒரு மேய்ப்பர், வாழ்க்கையின் முக்கிய முடிவுகளெல்லாம் அவரைக் கேட்டுத்தான் என்று ஆனது. எவ்வளவோ குடும்பங்கள் காயப்பட்டன. பிற்பாடு அதன் தலைவர்களில் சிலரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். நம் பக்கமும் 'என் ஆவிக்குரிய தகப்பன் சொன்னால் சரி' என்று கண்ணை மூடுகிறவர்கள் உண்டு. உங்களைத் தன்னோடு கட்டிப்போடுகிறவரிடம் நீங்கள் பழகுவது அவருடைய பழக்கத்தைத்தான்.

அடுத்திருப்பவர் யார்?

சரி, யாரோடு, எங்கே பழகுவது? இங்கேதான் தெரு வருகிறது.

நியாயசாஸ்திரி, அதாவது யூதச் சட்டம் படித்தவன் ஒருவன் இயேசுவிடம் கேட்ட கேள்வி பழைய மொழிபெயர்ப்பில் "எனக்குப் பிறன் யார்?" என்று இருக்கிறது. பொது மொழிபெயர்ப்பில் "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" ஒரே கேள்விக்கு இரண்டு தமிழ். 'பிறன்' என்றால் நான் அல்லாதவன், அந்நியன். 'அடுத்திருப்பவர்' என்றால் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அதற்குப் பதிலாக இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை (சமாரியர் என்றால் யூதர் ஒதுக்கிவைத்த ஜனம்) முழுசாகப் புரிகிறது: அந்நியன் ஒருவன் வழியில் விழுந்து கிடப்பவனுக்கு அடுத்தவனாகிறான். முடிவில் இயேசு கேள்வியையே திருப்பிப்போடுகிறார். யார் உனக்குப் பிறன் என்பதை விட்டுவிட்டு, அடிபட்டவனுக்கு யார் பிறனாயிருந்தான் என்று கேட்கிறார்.

சமவெளியில் பக்கத்து வீடு என்றால் இடது வலது. எங்கள் மலையில் மேலே கீழே. என் வாசல் கீழ்வீட்டுக்காரரின் கூரை மட்டத்தில் இருக்கிறது. நான் துணி அலசிக் கொட்டும் தண்ணீர் அவர் சமையலறைச் சுவரில் இறங்கும். மேல்வீட்டுத் தடுப்புச்சுவர் ஊதிக்கொண்டு நின்றால் எனக்குத் தூக்கம் வராது. 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுவதும் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பலத்த மழை பெய்யும் இரவுகளில் எங்கள் தெருவில் யார் வீட்டில் விளக்கு எரிகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொள்வோம். அடுத்திருப்பது இங்கே சும்மா பேச்சில்லை.

அந்தத் தெருவில் யார் யார் என்று பார்த்தால் ஒரு சின்ன உலகம். மேலே கடைசி வீட்டில் ஓர் ஆயா. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளிக் குடும்பம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அது. ஆயா இப்போதும் கோபம் வந்தால் கண்டித் தமிழில்தான் திட்டுவார். அவருக்குக் கீழே ஒரு படகர் குடும்பம், பிறகு ஒரு மலையாளத் தையல்காரர், இப்போது இரண்டு வருஷமாக ஜார்க்கண்டிலிருந்து வந்த மூன்று பையன்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குச் சரியாகப் புரியாது. முதல் நூற்றாண்டுச் சபைகள் பிறந்ததும் இப்படிப்பட்ட கலவைப் பட்டணங்களில்தான்: அந்தியோகியா, கொரிந்து, எபேசு. கோயில் கட்டடம் கிடையாது, வீடுகளில் கூடினார்கள். கொரிந்துவில் பவுல் கூடாரம் தைக்கிற தொழில் செய்துகொண்டு, அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கியிருந்தார். அவர்கள் சீஷத்துவத்தை எங்கே கற்றிருப்பார்கள் என்கிறீர்கள்? தையல் ஊசியும் கையுமாகத்தான்.

கத்தோலிக்கர்களிடம் இதற்கு ஓர் அழகான சொல்லே இருக்கிறது: 'அன்பியம்'. பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களை, அக்கம்பக்கத்துக் குடும்பங்களாகப் பிரித்து, அவர்களே வீடுகளில் கூடி வேதம் வாசித்து, ஒருவர் தேவையை ஒருவர் பார்த்துக்கொள்கிற சிறு குழு. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஏரியா ஜெபக்கூட்டம் என்று இருக்கிறது. பெயரில் அன்பியத்துக்குத்தான் என் ஓட்டு.

ஊழியம் என்ற சொல்லைக் கீழே இறக்குவோம்

எங்கள் வட்டாரத்தில் 'ஊழியம்' என்றால் மைக் பிடிப்பது. 'ஊழியக்காரர்' என்றால் பிரசங்கியார். கிரேக்கத்தில் அதன் மூலச்சொல் 'தியாக்கோனியா'. பந்தியில் பரிமாறுவது போன்ற வேலைகளுக்குச் சொல்வது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று சண்டை வருகிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஏழு பேரை நியமிக்கிறார்கள். 'பந்திவிசாரணை' என்று நம் மொழிபெயர்ப்பு அதைச் சொல்கிறது. கல்யாண வீட்டில் இலை பார்த்து நடந்து, "இன்னும் கொஞ்சம் சாம்பார்?" என்று கேட்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊழியம் அதுதான்: யார் இலை காலியாக இருக்கிறது என்று பார்ப்பது.

இதை நான் தலைகீழாகச் செய்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் நாங்கள் ஒரு குழுவாக மளிகைப் பை கொடுத்தோம். அரிசி ஐந்து கிலோ, பருப்பு, எண்ணெய், சோப்பு. கொடுக்கும்போது ஒவ்வொருவரையும் நிறுத்தி போட்டோ எடுத்தோம். பணம் அனுப்பியவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். மேல்வீட்டு ஆயா முறை வந்தது. பையின் ஒரு காதை நான் பிடித்திருந்தேன், மறுகாதை அவர். போன் நீண்டதும் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா, கொஞ்சம் இங்க பாருங்க" என்றேன். நானே சொன்னேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. முகமில்லாத ஒரு கிழவி, பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

பதினைந்து வருஷம் ஒரே தெருவில் இருந்திருக்கிறேன். அவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பிரச்சினை போட்டோ மட்டுமில்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. கொடுப்பது மட்டுமே என் பக்கம், வாங்குவது மட்டுமே அவர் பக்கம் என்றால், அங்கே இருப்பது தர்மகர்த்தா உறவு.

லூக்கா 10-ல் சீஷர்களை அனுப்பும்போது இயேசு கொடுக்கும் கட்டளையைப் பாருங்கள். பணப்பை எடுக்காதே, பை எடுக்காதே; போகிற வீட்டில் அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டு, குடித்து, அங்கேயே தங்கு; வீட்டுக்கு வீடு போகாதே. வெறுங்கையோடு அனுப்புகிறார், வேண்டுமென்றே. வாங்கிச் சாப்பிட வேண்டிய நிலையில்தான் அவர்கள் போய் நிற்க வேண்டும். அவரே சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் தாகத்துக்குத் தா என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். இந்தப் பெறுதலும் கொடுத்தலும் கலந்த பகிர்வுக்குச் சபை வழக்கில் 'ஐக்கியம்' என்று பெயர். கூட்டம் முடிந்து கைகுலுக்குவதற்கு அந்தப் பெயரைச் செலவழித்துவிட்டோம்.

நம் ஊரில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது சின்ன விஷயமில்லை என்று உங்களுக்கே தெரியும். மலையில் சாதி கிடையாது என்று சுற்றுலா வருகிறவர்கள் நினைப்பார்கள். வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபின் யார் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், யார் வீட்டில் "இப்பத்தாங்க சாப்பிட்டு வந்தோம்" என்று எழுந்துவிடுகிறார்கள் என்று கவனித்தால் போதும். ஒரு சபையின் சீஷத்துவத்தை அளக்க அந்த இட்லித் தட்டைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மறுபடி ஒரு சின்னச் சுருக்கம்: ஊழியம் என்பது காலி இலையைக் கவனிப்பது, ஐக்கியம் என்பது அவர் இலையில் நானும் சாப்பிடுவது. முதலாவது மட்டும் இருந்தால் உபகாரம். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இருவரும் பழகுகிறவர்கள் ஆகிறார்கள்.

டீக்கடை அண்ணன் கேள்வி

அப்படியென்றால் இந்த உதவியெல்லாம் தூண்டில் புழுதானா? நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, ஏனென்றால் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இயேசுவைப் பற்றி ஒரு கிறிஸ்தவன் பேசுவான். பேசாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா இனத்தாரையும் சீஷராக்குங்கள் என்பது மத்தேயு 28-ல் அவர் கொடுத்த கட்டளை. ஆனால் பேசுவது வேறு, உதவியை விலையாக வைப்பது வேறு. லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார், வருத்தம் தெரிகிறது. ஆனால் அந்த ஒன்பது பேருடைய சுகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு நானே வைத்துக்கொள்ளும் சோதனை இது: இந்த ஆள் சாகும்வரை நம் சபைப் படி ஏறமாட்டார் என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கும் அவர் வேலைக்குப் போவேனா? தயங்கினால் நான் போட்டது தூண்டில்தான்.

டீக்கடை அண்ணனிடம் இதைச் சொன்னேன். "எழுதிக் குடுக்கட்டுமா?" என்று சிரித்தார். இரண்டு டீக்கு ஒரு டீ காசுதான் வாங்கினார்.

ஒரு தெருவில் இது எப்படி நடக்கிறது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். எங்கள் தெருவுக்கு ரோட்டிலிருந்து 132 படி. கேஸ் வண்டி ரோட்டோடு நின்றுவிடும். உள்ளே கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் சுமார் 30 கிலோ. ஆயாவால் முடியாது, தூக்குகூலி கொடுக்கவும் கையில் காசு இருக்காது. ஊரடங்கு முடிந்தபின் ஒருநாள், போட்டோ விஷயம் உறுத்திக்கொண்டே இருந்ததால், நான் போய்த் தூக்கினேன். பாதியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். மேலே போனதும் ஆயா இஞ்சி தட்டிப் போட்டு ஒரு சாயா கொடுத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தேன்.

அடுத்த முறை ஜெபக்கூட்டத்திலிருந்து ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டேன். பிறகு அந்தக் கல்லூரிப் பெண் வந்தாள். அதே ஆட்கள், அதே வேலை, அதே வீடு. ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் ஆளைத் தெரிகிறது. பத்து வீட்டுக்கு ஒருமுறை போனால் கணக்கு எழுதலாம், பழக்கம் வராது. இறங்கி வந்தபின் என் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்காருவோம். ஒரு சின்ன வேதப்பகுதி வாசிப்போம், என்ன நடந்தது என்று பேசுவோம், ஜெபிப்போம். இந்தத் திண்ணைதான் மாற்கு 9-ல் வரும் வீடு. இதை விட்டுவிட்டால் மிஞ்சுவது சமூக சேவை. அதுவும் நல்லதுதான், ஆனால் நாம் பேசுவது அதைப் பற்றியில்லை. தெருவை விட்டுத் திண்ணையை மட்டும் வைத்துக்கொண்டால் பழைய பன்னிரண்டு வார வகுப்பு.

ஒரு திண்ணைப் பேச்சு ஞாபகம் இருக்கிறது. "ஆயா என்கிட்ட சரியாவே பேச மாட்டேங்குறாங்க" என்றாள் அந்தப் பெண். என்ன பேசினாய் என்று தம்பி கேட்டான். போன உடனே ஜெபிக்கட்டுமா பாட்டி என்று கேட்டாளாம். "முதல்ல அவங்க முட்டிவலி எப்படி இருக்குன்னு கேக்க வேண்டாமா?" என்றான் அவன். முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு. அடுத்த முறை ஒரு தைலக் குப்பியோடு போனாள். தைலம் தேய்த்துக்கொண்டே கண்டிக் கதை கேட்டுவிட்டு, ஏழு மணிக்கு மேல் இறங்கி வந்தாள். ஜெபம் பண்ணினாயா என்று நான் கேட்கவில்லை. ஆயாவே கேட்டாராம், "உங்க சாமிகிட்ட என் முட்டியைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லு" என்று.

எங்களுக்கே பாடம் சொல்லிக்கொடுத்ததும் ஆயாதான். கேத்தி, கேத்தொரை பக்கம் கேரட் அறுவடை நள்ளிரவுக்குப் பிறகு ஆரம்பிக்கும். விடிவதற்குள் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்ற வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அம்மா அந்த வேலைக்குப் போகிறவர். ராத்திரி ஒரு மணிக்கு வண்டி வரும். இரண்டு பிள்ளைகளும் தனியாகத் தூங்கும் என்பது எங்கள் குழுவுக்கு ஒரு வருஷமாகத் தெரியவே தெரியாது. ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் இரண்டும் அவர் வீட்டுப் பாயில்தான் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் எந்தச் சபையையும் சேர்ந்தவர் இல்லை. காலி இலையை யார் முதலில் பார்த்தது என்று அன்றைய திண்ணையில் நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

எவ்வளவு நாளாகும், எப்போது முடியும் என்று கேட்பார்கள். முடியாது. சிலர் நடுவில் நின்றுவிட்டார்கள்; ஒருவன் கோவையில் வேலை கிடைத்துப் போனான், ஒருவன் சும்மா சலித்துப் போனான். நானே மூன்று மாதம் போகாமல் இருந்திருக்கிறேன். தனியாக வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்ற வசனத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அதில் பாதி உண்மையும் இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மழை விட்டு, படியெல்லாம் பாசி வழுக்கியது. கீழே ரோட்டில் கேஸ் வண்டி நின்றது. எனக்கு இடுப்புப் பிடிப்பு, ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணும், ஜார்க்கண்ட் பையன்களில் இளையவனும் சிலிண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏறி வந்தார்கள். அவனுக்கு அன்றுதான் முதல்முறை. அறுபதாவது படியருகே திருப்பம், அங்கேதான் எல்லோருக்கும் கை நழுவும். அவள் நிறுத்தி, தன் துப்பட்டாவை மடித்துக் கைப்பிடியில் சுற்றி, அவனைச் சுவர்ப் பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அரைகுறை இந்தியில் ஏதோ சொன்னாள். அவன் அரைகுறைத் தமிழில் "சரி அக்கா" என்றான்.

மேலேயிருந்து ஆயா குரல் வந்தது. "மெதுவா சாமி, மெதுவா. சாயா ஊத்திட்டேன்."